மெதுவா அக்கா

நாகப்பட்டினத்திலிருந்து வண்டியில் வருகிறவன் எல்லையைத் தாண்டியதும் முதலில் செய்கிற காரியம் பெட்ரோல் போடுவது. எங்கள் காரைக்கால் பக்கம் விலை கொஞ்சம் குறைவு. இரண்டாவதாகச் செய்கிற காரியத்துக்கும் எங்கள் பக்கம் விலை குறைவுதான். நான் தொழுகிற ஆள், அதைப் பற்றிப் பேசவில்லை. முதல் காரியம் நடக்கிற பங்க் ஒன்றில்தான் மங்கையர்க்கரசி அக்காவுக்கு வேலை. புடவைக்கு மேல் பங்க்கில் கொடுத்த காக்கிச் சட்டை, தலையில் ஒரு தொப்பி. பெட்ரோல் போட்டு முடித்து டேங்க் மூடியைத் திருகும்போது எல்லாருக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்.

“போலகம் திருப்பத்துல மெதுவா போங்க தம்பி.”

புல்லட்டில் வந்தவனுக்கும் அதுதான், மீன் ஏற்றிப் போகிற மினி லாரிக்கும் அதுதான். தம்பி என்று கூப்பிட முடியாத வயசுக்காரர் வந்தால் ஐயா என்று மாற்றிக்கொள்வார். மெதுவா மட்டும் மாறாது. “சரிக்கா” என்று தலையை ஆட்டிவிட்டு, பங்க் வாசலைத் தாண்டுமுன்னே முறுக்கிக்கொண்டு பறப்பார்கள். போகிற போக்கில் அவருக்கு ‘மெதுவா அக்கா’ என்று பேரும் வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. “பேருலயாச்சும் மெதுவா இருக்கட்டும் தம்பி” என்பார் என்னிடம்.

அந்தப் போலகம் திருப்பத்தில்தான் என் ஜெராக்ஸ் கடை. நான் கமாலுதீன். வளைகுடாவில் பல வருஷம் வேன் ஓட்டிவிட்டு ஊரோடு வந்து உட்கார்ந்தவன். அங்கே ரோட்டோரத்தில் ஒரு கேமரா நிற்கும். அதற்கு மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது. வேகமாகப் போனால் நாம் வீடு போய்ச் சேருமுன்னே அபராதம் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தக் கேமராவை நான் திட்டாத நாளில்லை. ஊருக்கு வந்து இந்தத் திருப்பத்தில் கடை போட்ட பிறகுதான், அதைத் திட்டினதற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன்.

திருப்பம் என்றால் சாதாரணத் திருப்பம் இல்லை. பட்டினத்துப் பக்கமிருந்து நேராக வருகிற ரோடு, ஒரு பெரிய வாகை மரத்தைச் சுற்றிக்கொண்டு வளையும். மரத்துக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டி இந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத் தெரியாது. சத்தம்தான் வரும். ஊர்க்காரர்கள் எல்லாரும் காதை வைத்துத்தான் ரோட்டைக் கடப்போம். இடது பக்கம் பார்ப்போம், வலது பக்கம் கேட்போம்.

அக்காவின் கவலை முழுவதும் இங்கேதான் இருந்தது. அவர் வீட்டுக்காரர் சிவநாதன் அண்ணனுக்குக் காது கேட்காது.

அக்கா நெடுங்காட்டில் பிறந்தவர். போலகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அண்ணன் ஒரு நூற்பாலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த இரைச்சலிலேயே நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. ஒரே நாளில் போயிருந்தால் தெரிந்திருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறாரே, திமிர்தான் என்று அக்கா நினைத்திருக்கிறார்.

“ஒரு வருஷம் வீணா சண்டை போட்டேன் தம்பி. கேட்டும் கேக்காத மாதிரி இருக்கீங்களேன்னு, காது கேக்காத மனுசன்கிட்ட கத்தியிருக்கேன்” என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருத்துவ முகாமில் ஒரு காது மெஷின் கொடுத்தார்கள். அண்ணன் அதை மாட்டிக்கொண்டு வாசல் வரை நடந்தார், திரும்பி வந்து கழற்றி வைத்தார். “காதுக்குள்ள மறுபடியும் மில்லு ஓடுது” என்றார். அதோடு அது பீரோவுக்குள் போனது. மகள் தமிழ்மொழியைக் கட்டிக்கொடுத்த இடம் ஓசூர். அவள் வீடியோவில் வந்தால் கையை ஆட்டுவார், அவள் பேசுவதற்கெல்லாம் ‘ஆமாம் ஆமாம்’ என்று பொதுவாகச் சொல்லி வைப்பார். ஊரிலும் அப்படித்தான். டீக்கடையில் நாலு பேர் சிரித்தால் தானும் சிரிப்பார். எதற்கென்று தெரியாது. கொஞ்ச நாளில் நாலு பேரும் அவர் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். செவிடன் காதில் ஊதின சங்கு என்று ஒரு பழமொழி உண்டே, அதை நான் என் கடையில் யாரையும் சொல்ல விடுவதில்லை.

ஆனால் அண்ணனுக்கும் ஊருக்கும் பொதுவாக ஒரே ஒரு பாஷை மிச்சமிருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் ரோட்டில் போகிறவனுக்கு ஒரு தர்மம் உண்டு. எதிரே வருகிறவனுக்குப் போலீஸ் நிற்பதைச் சொல்லிவிட வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் பாட்டில் செக்கிங், இந்தப் பக்கம் ஹெல்மெட் செக்கிங். நடுவில் கிடக்கிற சின்ன ஊர் நாங்கள். வண்டியில் இருந்தால் லைட்டை அடித்துக் காட்டுவான். நடந்து போனால் உள்ளங்கையால் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, கையைக் கவிழ்த்துக் காற்றை அமுக்குவான். தட்டினால் தொப்பிக்காரர் நிற்கிறார் என்று அர்த்தம். அமுக்கினால் மெதுவாகப் போ என்று அர்த்தம். கொலைகாரனுக்குக்கூடக் காட்டுவோம். காட்டாதவனை மனுஷனாகவே மதிக்க மாட்டோம்.

காது போன பிறகு சிவநாதன் அண்ணன் இந்தத் தர்மத்தில் பெரிய ஆளாகிவிட்டார். சாயங்காலம் வாகை மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். தூரத்தில் காக்கி தெரிந்தால் போதும், எழுந்து நின்று கையை ஆட்ட ஆரம்பிப்பார். வண்டிக்காரன் வேகத்தைக் குறைத்து, போகும்போது ஒரு சலாம் வைத்துவிட்டுப் போவான். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது. அவர் சொன்னது ஒருத்தனுக்குப் புரிந்தது, அவன் சொன்னது இவருக்குப் புரிந்தது. நாள் முழுக்க அவர் ஊரோடு பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு இரண்டு மா நிலம். காலையில் விடியுமுன் போய் வந்துவிடுவார், அப்போது ரோடு காலி. சாயங்காலம் தண்ணீர் பார்க்க மறுபடியும் போவார். அதுதான் கண்டம். ஷிஃப்ட் முடிந்த பைக்குகள், துறைமுக லாரிகள், வேளாங்கண்ணி போகிற வேன்கள் எல்லாம் ஒன்றாக வருகிற நேரம். முட்டி வேறு தேய்ந்துபோய் அண்ணன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சாவகாசமாக நடப்பார்.

போன வருஷம் ஒருநாள் மினி லாரிக்காரன் ஒருவன் டயர் கிறீச்சிட பிரேக் போட்டான். லாரி அண்ணனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிக் கத்தினான். அண்ணன் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். தெரிந்த பையன் விசாரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு என் கடை வாசலில் அக்கா நின்றிருந்தார். காக்கிச் சட்டையின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். அண்ணன் திரும்பிப் பார்த்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையாலேயே ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டார்.

அந்த ரோட்டில் அம்பது வரை போகலாம் என்று போர்டு. அம்பது என்று எழுதியிருந்தால் எங்கள் ஆட்கள் எழுபதில் போவார்கள், அது தனி விஷயம். ஊர்க்காரர்கள் ஒருமுறை செங்கல் ஜல்லியைக் கொட்டி, தாங்களே ஒரு வேகத்தடை போட்டார்கள். இரண்டே நாளில் அதிகாரிகள் வந்து பெயர்த்துக்கொண்டு போனார்கள். முப்பது என்று வரம்பு வைத்த இடத்தில்தான் தடை போடலாமாம், அம்பது உள்ள ரோட்டில் போட்டால் குற்றமாம். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் அக்காவுக்கு இதை விளக்கிச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே எண்ணம்தான். அம்பதை முப்பது ஆக்க வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து, மாவட்டத்தில் உள்ளூர் ரோடுகளின் வேக வரம்பையெல்லாம் மறுபடி பார்த்து மாற்றப் போகிறார்கள், ஊர்க்காரர்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. அக்கா பங்க்கிலிருந்து நேராக என் கடைக்கு வந்தார். கையில் பெட்ரோல் வாசனை.

“ஒரு மனு அடிச்சுக் குடுங்க தம்பி. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, பஸ் ஸ்டாப்பு, திருப்பம், எல்லாத்தையும் போடுங்க.”

“அண்ணனைப் பத்தியும் போடவாக்கா? அதுதான் ஆளைத் தொடும்.”

“வேண்டாம். அவரு காதைப் பத்தி ஊரு முழுக்கப் பேசவா? அவருக்கே தெரியக் கூடாது. எனக்காக ரோட்டையே மாத்துறியா, நான் என்ன நொண்டியா மொடமான்னு குதிப்பாரு. அப்புறம் வேணும்னே நடுரோட்டுல நடப்பாரு. அவரு ரோசம் ஒங்களுக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியும். அடித்துக் கொடுத்தேன்.

கருத்துக் கேட்கிற கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்த இன்ஜினியரோடு சண்டை போட வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். அந்த மனிதர் எழுந்து அக்காவுக்கு நாற்காலி போட்டார். சேர்த்த வார்த்தையெல்லாம் வீணாய்ப் போனது.

“அம்மா, எல்லா ஊர்லேருந்தும் கேக்குறாங்க. எல்லாத்தையும் இப்பவே செய்ய முடியாது. ஆளை அனுப்பி வேகத்தை அளக்கச் சொல்றேன். வண்டிங்க வரம்பை மீறிப் போகுதுன்னு தெரிஞ்சா, ஒங்க திருப்பத்தை முதல்ல எடுத்துக்கறேன். இது என் பொறுப்பு” என்றார்.

“மீறித்தாங்க போவாங்க. எங்க ஆளுங்களை எனக்குத் தெரியாதா? டேங்க்கை நெரப்பி அனுப்புறதே நான்தான்” என்றார் அக்கா. இன்ஜினியர் சிரித்தார். அக்காவும் சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்கா பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவர் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அளக்க வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஜும்ஆ தொழுகைக்குக் கடையை மூடிவிட்டுப் பட்டினம் போனவன், உம்மாவையும் பார்த்துவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பினேன். அதற்குள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் மெஷின் முக்காலியை மடக்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துணைக்கு வந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் மர நிழலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்லபடியாக முடிந்தது என்று மனசுக்குள் ஒரு துஆ கேட்டுக்கொண்டே ஷட்டரைத் தூக்கினேன்.

ஜீப் போனதும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அஜ்மீர் வந்து நிறுத்தினான். வண்டியை விட்டு இறங்கி நேராகச் சிவநாதன் அண்ணனிடம் போனான். அண்ணன் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அஜ்மீர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“என்னடா விசேஷம்?” என்றேன்.

“பாய், ஒங்களுக்கு விசயமே தெரியாதா? காலையிலேருந்து இஞ்ச மெஷின் வச்சு செக்கிங். ஸ்பீடு புடிக்கிற மெஷின். அண்ணன் மட்டும் இல்லேன்னா இன்னைக்கு அம்புட்டு பேரும் மாட்டியிருப்போம். வளைவுக்கு அந்தாண்ட நின்னு ஒரு வண்டி விடாம கை காட்டினாரு. வெயில்ல, சோறுகூட திங்கப் போகல. எல்லாப் பயலும் பொண்ணு பாக்கப் போற மாதிரி ஊர்ந்து போனோம்.”

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அண்ணன் என்னைப் பார்த்து, காது கேட்காதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில், “கமாலு! ஒருத்தன் மாட்டலடா இன்னைக்கு! ஒருத்தன்!” என்றார். அவர் முகம் கறுத்துக் கன்றிப்போயிருந்தது. கண் மட்டும் ஜொலித்தது. இன்னும் இரண்டு பைக்குக்காரர்கள் நின்று அவருக்கு சலாம் வைத்தார்கள். டீக்கடைக்காரர் காசு வேண்டாம் என்று கையாட்டினார். ஊரே அன்றைக்கு அவர் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பஸ்ஸை விட்டு அக்கா இறங்கினார். அன்றைக்குத்தான் அளக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. வேகவேகமாக வந்து, “என்ன தம்பி, நல்லாப் பாத்தாங்களா? வண்டியெல்லாம் பறந்துச்சா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அஜ்மீர் ஒன்று விடாமல் ஒப்பித்தான். “ஒங்க வீட்டுக்காரரு இன்னைக்கு ஊரையே காப்பாத்திட்டாருக்கா” என்று முடித்தான்.

அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எழுந்து நின்று, உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, கையைக் கவிழ்த்து அமுக்கிக் காட்டினார். இப்படித்தான் செய்தேன் என்று பெண்டாட்டிக்கு நடித்துக் காட்டுகிறார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கைப் பிடித்தவர் அந்தப் பிள்ளையாரேதான்.

அக்கா என்ன செய்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார் என்று நினைத்தேன். அந்த வெயிலில் நின்ற மனிதரைக் கன்னத்தில் அறைந்தாலும் தப்பில்லை என்றுகூட நினைத்தேன். அக்கா புடவைத் தலைப்பால் அண்ணன் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். “வாங்க, சோறு திங்கலாம்” என்று வாய் அசைத்துக் கூட்டிக்கொண்டு போனார்.

பதில் வர மழைக்காலம் ஆனது. நான்தான் வாசித்துக் காட்டினேன். போலகம் திருப்பத்தில் வாகனங்கள் இயல்பாகவே மிதமான வேகத்தில் செல்வதாக அளவீட்டில் தெரிய வருவதால், வரம்பை மாற்றவோ தடைகள் அமைக்கவோ தற்போது தேவை எழவில்லை. வேறு ஊர்களின் ரோடுகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்ஜினியர் கீழே தன் கையால், ‘உங்கள் ஊர் ஓட்டுநர்கள் பாராட்டுக்குரியவர்கள்’ என்று எழுதியிருந்தார். கேலி இல்லை. அந்த நல்ல மனிதர் மனசாரத்தான் எழுதியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! இன்ஜினியரைத் திட்டலாமென்றால் அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். அளந்தவர்களைத் திட்டலாமென்றால் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள். அண்ணனைத் திட்டினால் அவருக்குக் கேட்காது. திட்டுவதற்கு ஆள் கிடைக்காத கோபத்தைப் போல ஒரு கெட்ட கோபம் கிடையாது. கடைசியில் அக்காவிடமே எரிந்து விழுந்தேன்.

“அன்னைக்கே அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது நடந்திருக்குமாக்கா?”

“நடந்திருக்காதுதான்.”

“சரி, போனது போவட்டும். அளந்தது தப்பு, மறுபடி அளங்கன்னு எழுதுவோம். அந்த ஆளு நல்ல ஆளு, கேப்பாரு.”

“ஏன் தப்புன்னு கேப்பாருல்ல?”

“கேப்பாரு.”

“அவரு பேரை இழுக்காம பதில் எழுத முடியுமா தம்பி?”

யோசித்துப் பார்த்தேன். முடியாது. எழுதினால் ஆபீசில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். விஷயம் ஊருக்குத் தெரியும். அன்றைக்குச் சலாம் வைத்தவர்களே, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட ஆள் என்று கைகொட்டிச் சிரிப்பார்கள். அண்ணனுக்குக் காது கேட்காது, ஆனால் சிரிப்பது தெரியும்.

“அவருக்கு ஊரோட இருக்கிற பேச்சு அது ஒண்ணுதான். அதுவும் தப்பாப் போச்சு, அதனாலதான் என் உசுருக்கு வினை வந்துச்சுன்னு தெரிஞ்சா, கையைத் தூக்கவே மாட்டாரு. அப்புறம் அந்த மனுசன் வீட்டுக்குள்ள உக்காந்து என்னத்தைப் பண்ணுவாரு, சொல்லுங்க?” என்றார் அக்கா.

அக்கா காகிதத்தை நாலாக மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்தது. யாரோ ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்ததால் அழவில்லை.

அதற்கப்புறம் சில நாள் கழித்து, சாயங்காலம் அஜ்மீர் கடை வாசலில் ஆட்டோவை உருட்டி நிறுத்தினான்.

“என்னா பாய், வளைவுல இன்னைக்கும் செக்கிங்கா? மெதுவா அக்காவே நின்னு கை காட்டுது. நான் லைசென்ஸை வேற வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்.”

எட்டிப் பார்த்தேன். ரோட்டில் எந்த போலீசும் இல்லை. எழுந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போனேன். வேலை முடிந்து வந்த அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அதே காக்கிச் சட்டை, அதே தொப்பி. ரோட்டோர மண்ணில் நின்றுகொண்டு, வருகிற வண்டிக்கெல்லாம் உச்சந்தலையைத் தட்டி, கையை அமுக்கிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அக்காவே போலீஸ் மாதிரிதான் தெரிவார். லாரிகள் மூச்சை விட்டுக்கொண்டு வேகத்தைக் குறைத்தன. பைக்கில் வந்தவர்கள் டேங்க் மேல் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார்கள். வேளாங்கண்ணி வேன்காரன் ஒருவன் நன்றி சொல்லி ஹார்ன் அடித்தான்.

மரத்துக்கு இந்தப் பக்கம், தோளில் மண்வெட்டியோடு சிவநாதன் அண்ணன் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லை. ஊர்ந்து வந்த லாரிக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, இந்தக் கரை வந்து சேர்ந்தார். திரும்பி வந்த என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“பாத்தியா கமாலு! நம்ம ரோட்டுல பயலுவோ எம்புட்டு மருவாதையாப் போறானுவோ! எல்லாம் நான் கை காட்டிக் காட்டிப் பழக்கினது!”

நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். வேறு என்ன செய்வது? அவரைப் பொறுத்தவரை அந்த ரோட்டில் வண்டிகள் மெதுவாகத்தான் போகின்றன. அதிகாரிகள் எழுதியதும் அதைத்தானே.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தார். முகமெல்லாம் புழுதி.

“கடந்துட்டாரா தம்பி?”

“கடந்துட்டாருக்கா. ஆனா இது எத்தனை நாளைக்கு?”

“தெரியல” என்றார் அக்கா. “இன்னைக்குக் கடந்துட்டாரு.”

அன்றிலிருந்து தினம் நடக்கிறது. “மங்கைக்கு என்னடா பங்க்குல வேலை கூடிப்போச்சா, லேட்டா வருது” என்று அண்ணன் என்னிடம் குறைப்படுகிறார். வெளியூர் வண்டிகள் இன்னும் நம்புகின்றன. உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் புரிய ஆரம்பித்துவிட்டது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், எந்த போலீஸ் நிற்கும்? அஜ்மீர் பாவம், தெரிந்தும் மெதுவாகப் போகிறான். மற்றவர்கள் அக்காவுக்குச் சிரித்துக்கொண்டே சலாம் வைத்துவிட்டு, அதே வேகத்தில் போகிறார்கள்.

வண்டிகள் குறையாதபோது அக்கா ஒரு எட்டு முன்னே வைக்கிறார். ஆரம்பத்தில் மண்ணில் நின்றார். பொங்கலுக்கு முன்னால் தார் விளிம்புக்கு வந்தார். போன வாரம் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நின்றார். நான் கடையிலிருந்து மரத்தடிக்கு ஓடிப் போய், “அக்கா, உள்ள வராதீங்க!” என்று கத்தினேன். லாரிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். இல்லை, கேட்டது. என் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக அமுக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

நேற்று பார்த்தேன். கோட்டைத் தாண்டி உள்ளே நின்றுகொண்டிருந்தார்.